எழுபத்தொரு டப்பா

உட்காருங்கம்மா. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இந்தச் சேர்ல உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க, அப்புறம் உங்க பிளாஸ்டிக் சர்வே கேள்வியெல்லாம் கேளுங்க.

பேரு தவமணி. வயசு அம்பத்தி நாலு. தொழில், மதியச் சாப்பாடு சமைச்சு வீட்டு வீட்டுக்கு அனுப்புறது. உறையூர்ல இந்தப் பக்கம் வந்து தவமணி சாப்பாடுன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. நீங்களும் அப்படித்தானே வந்தீங்க. ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு சாப்பாடு. இருங்க இருங்க, தப்பாச் சொல்லிட்டேன். முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணுன்னே எழுதிக்கோங்க. ஞாயித்துக்கிழமை லீவு.

எதுல கட்டி அனுப்புறேன்னு கேக்குறீங்களா? எவர்சில்வர் கேரியர். மூணு அடுக்கு. அந்த அலமாரியில கவுத்து வெச்சிருக்கு பாருங்க, அதான். முன்னாடியும் இதேதான். நடுவுல மூணு மாசம் மட்டும் பிளாஸ்டிக் டப்பா. அப்புறம் திரும்பவும் கேரியர்.

ஏன் பிளாஸ்டிக்குக்குப் போனேன்னா, கழுவ ஆள் இல்ல. பின்னாடி பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்குதுல்ல, அவ பேரு லூர்து. அவ நின்னுட்டா. அப்ப நாப்பது கேரியர், ஒவ்வொண்ணும் மூணு அடுக்கு, மூடி வேற. ஒத்த ஆளா எப்படிக் கழுவுறது? அதனால மாறினேன். எழுதிக்கிட்டீங்களா? சரி.

அடுத்தது என்ன, மறுபடி ஏன் கேரியருக்கு வந்தீங்கன்னா? போனை இப்படிக் காட்டுங்க, என்ன போட்டிருக்குன்னு பார்ப்போம். செலவு குறைய. வாடிக்கையாளர் கேட்டதால. அரசாங்கத் தடையால. சுற்றுச்சூழல் மேல உள்ள அக்கறையால. நாலுதானா? இந்த நாலுலயும் என்னோடது இல்லயேம்மா. கீழ இது என்ன, மற்றவையா? அதுல எவ்வளவு எழுதலாம்? ஒரு வரிதானா?

ஒரு வரியில எனக்குச் சொல்ல வராது. நான் பாட்டுக்குச் சொல்றேன், நீங்க எதை வேணாலும் எழுதிக்கோங்க.

முதல்ல இந்தக் கேரியர் எப்படிப் போய் வருதுன்னு சொல்லிடுறேன். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கேரியர். இன்னிக்குச் சோத்தைக் குடுத்துட்டு நேத்துக் கேரியரை வாங்கிட்டு வரணும். சிக்கந்தர் பாய்னு ஒருத்தர், ஆட்டோ வெச்சிருக்காரு. பதினொண்ணரைக்கு வந்து ஏத்திட்டுப் போவாரு, ரெண்டு மணிக்கெல்லாம் வெறும் கேரியரோட திரும்பி வந்துடுவாரு. எல்லாத்துலயும் என் பேரை வெட்டி நம்பர் போட்டிருக்கும். வந்ததும் நம்பர்படி அடுக்குவேன். ஒண்ணு குறைஞ்சாலும் விடமாட்டேன். போன் போடுவேன். எடுக்கலன்னா செருப்பை மாட்டிக்கிட்டு நேரா அவங்க வீட்டு வாசல்ல போய் நிப்பேன். பேங்க்ல வேலை பார்க்கிற ஒரு சார், கேரியரை உள்ள வெச்சுப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாரு. வீட்டு ஓனரை எழுப்பிச் சாவி வாங்கி, தொறந்து எடுத்துட்டு வந்தேன். அவருக்கு மகா கோவம். போங்க சார், என் பாத்திரம் எனக்கு வேணும்னு சொல்லிட்டேன். தெருவுல என்னைப் பத்திக் கேட்டுப் பாருங்க, கேரியர் ஒண்ணு காணாம போனா தவமணிக்குத் தூக்கம் வராதும்பாங்க. நெசம்தான்.

இதுல பதினேழாம் நம்பர் என் நாத்தனாரோடது.

அம்சவேணின்னு பேரு. எங்க வீட்டுக்காரருக்கு அக்கா. அவருக்கு ஏழு வயசு மூத்தவங்க. புருஷன் போயிட்டாரு, புள்ளை இல்ல. பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சமையல் வேலை, முப்பது வருஷம் பார்த்துட்டு ரிட்டயர் ஆனவங்க. இங்கேருந்து நாலு தெரு தள்ளி சொந்த வீடு. சின்ன வீடுதான். முன் போர்ஷன்ல ஒரு குடும்பம் குடியிருந்துச்சு, அதுவும் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. தனியாத்தான் இருந்தாங்க.

நானும் அவங்களும் பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு. இப்ப கணக்குப் போட்டா ஆச்சுன்னு சொல்றதா, ஆகியிருந்துச்சுன்னு சொல்றதா தெரியல.

என்ன சண்டைன்னா, எம் மவ யாழினிக்கு மஞ்சள் நீராட்டு விழா. அறுபது பேருக்கு நானே சமைச்சேன். ஆளு வெச்சுக்கலாம்னு அவர் சொன்னாரு, நான்தான் வேணாம்னுட்டேன். விடியக்காலம் மூணு மணிக்கு அடுப்பு மூட்டினவ. எல்லாம் முடிஞ்சு, இலை போட்டு, முதல் பந்தி உட்கார்ந்தாச்சு. அந்த நேரம் பார்த்து இவங்க சாம்பார் அண்டாகிட்ட வந்தாங்க. கரண்டியால ஒரு கலக்கு கலக்கி, உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாங்க.

"உப்பு கொஞ்சம் பத்தல தவமணி."

சொல்லிட்டு, உப்பு ஜாடியைத் தேடி எடுத்து, ஒரு கை அள்ளிப் போட்டுக் கிண்டினாங்க. எம் பாத்திரத்துல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. பந்தியில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. நாளைக்கு அவளுக்குச் சம்பந்தம் பேச வரப்போற சனம், என் பொறந்த வீட்டு ஆளுங்க, எல்லாரும். அன்னிக்குச் சாயங்காலத்தோட சரி. நான் அவங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. அவங்க ரெண்டு மூணு தடவை இங்க வந்தாங்க, நான் அடுப்படியை விட்டு வெளிய வரல. அப்புறம் அவங்களும் நிறுத்திட்டாங்க. அவங்க தம்பி, எங்க வீட்டுக்காரரு மட்டும் போய்ப் பார்த்துட்டு வருவாரு.

அவரு நாலு வருஷம் முன்னாடி கிட்னி போய் இறந்துட்டாரு. ஆஸ்பத்திரியில கடைசியாப் பேசினது இதான். தவம், அக்காவுக்கு மதியம் ஒரு வேளை சோறு போயிடணும், அது தனக்குன்னு ஒண்ணும் ஆக்கித் திங்காது, ஊருக்கே ஆக்கிப் போட்டு அலுத்துப் போச்சு அதுக்குன்னாரு. சரின்னு கையில அடிச்சுக் குடுத்தேன். பேசணும்னு அவர் கேக்கல. சோறு போகணும்னுதான் கேட்டாரு. சோறு போச்சு. ஒரு நாள் தவறல. நீங்க யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, சிக்கந்தர் பாயைக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை கடை லீவுன்னாலும் சனிக்கிழமையே சேர்த்துப் புளியோதரை கட்டிக் குடுத்துடுவேன், மறுநாளைக்கு ஆகட்டும்னு.

ஆனா பாய்கிட்ட ஒண்ணு சொல்லி வெச்சிருந்தேன். அங்கேருந்து எந்தப் பேச்சும் இங்க வரக்கூடாது, இங்கேருந்தும் எந்தப் பேச்சும் அங்க போகக்கூடாதுன்னு. அவர் வாயைத் தொறக்காத மனுஷன். ஆகட்டும் அக்கான்னாரு. அப்படியே இருந்தாரு.

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். மத்த முப்பத்தொம்பது கேரியரும் வெறுமையாத்தான் வரும். சில பேரு கழுவித் தருவாங்க, சில பேரு அப்படியே தருவாங்க, காசு குடுத்துத் திங்குற சோத்துக்கு வேற என்ன செய்வாங்க? பதினேழாம் நம்பர் மட்டும் தேச்சுக் கழுவித் துடைச்சு வரும். உள்ள ஏதாவது இருக்கும். ஒரு நாளைக்கு எலுமிச்சம்பழம். ஒரு நாளைக்கு ரெண்டு கொத்துக் கறிவேப்பிலை. அவங்க கொல்லையில ரெண்டு மரமும் உண்டு. ஒரு நாளைக்கு நாலு பச்சை மிளகா, தொட்டியில காய்ச்சது.

நம்ம பக்கம் பாத்திரத்தை வெறுமையாத் திருப்பித் தர மாட்டாங்கதான். எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக்காரங்க பாயசம் குடுத்தா நானும் கிண்ணத்துல ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுத்தான் தருவேன். ஆனா இவங்க போட்டது அதில்லன்னு எனக்குத் தோணுச்சு. நான் ரசம் வெச்ச அன்னிக்கு எலுமிச்சம்பழம் வந்தா என்ன அர்த்தம்? புளிப்பு பத்தல. கூட்டு வெச்ச அன்னிக்கு மிளகா வந்தா? காரம் பத்தல. முப்பது வருஷம் கரண்டி பிடிச்ச கை, சும்மா இருக்குமா? வாயால சொல்ல முடியல, கேரியர்ல வெச்சு அனுப்புறாங்கன்னு நெனைச்சேன். அந்த எலுமிச்சம்பழத்தை நான் தொடமாட்டேன். லூர்துகிட்ட குடுத்துடுவேன். மறுநாள் ரசத்துல மட்டும் புளியைக் கொஞ்சம் கூடக் கரைப்பேன். அவங்க சொன்னாங்கன்னு இல்ல. எனக்கே தோணும்.

போன ஐப்பசி மழை சமயத்துல எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நின்னு போச்சு. சர்க்கரை வந்துச்சு. ஒரு சிட்டிகை, தாள்ல மடிச்சு. சில நாள் ரெண்டு கிராம்பு. ஒரு நாள் ஒரு வெல்லத் துண்டு. நான் அதைப் பெருசா எடுத்துக்கல. மரத்துல காய்ப்பு ஓஞ்சிருக்கும்னு நெனைச்சேன். கறிவேப்பிலைக்கு ஏது ஓய்ச்சல், அது வருஷம் பூராத்தானே இருக்கும்னு அப்பத் தோணல.

தை முதல் வெள்ளிக்கிழமை. சிக்கந்தர் பாய் கேரியரை எறக்கி வெச்சிட்டுப் போயிட்டாரு. பதினேழைத் தொறந்தேன். மேல் அடுக்குல கல் உப்பு. ஒரு கை நிறைய.

எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லத் தெரியல. அன்னிக்கு சாம்பார்தான் வெச்சிருந்தேன், அதை நெனைச்சுப் பாருங்க. பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் மறக்கலையே, தம்பி செத்தும் மறக்கலையே, நாள் கிழமையில எடுத்து அனுப்பிக் குத்துறாங்களேன்னு. உப்பை அப்படியே வாய்க்கால்ல கொட்டினேன். கேரியரைச் செவத்துல ஒரு அடி அடிச்சேன். பதினேழாம் நம்பர் இன்னும் நசுங்கித்தான் இருக்கு, அந்த மேடையில பாருங்க, மூடி சரியா உட்காராது.

மறு திங்கக்கிழமையே பெரிய கடைவீதி போய் டப்பா மூட்டை வாங்கிட்டு வந்துட்டேன். சோத்துக்குக் கறுப்பு டப்பா, வெள்ளை மூடி. சாம்பாருக்குச் சின்ன டப்பா. ரசமும் மோரும் கவர்ல கட்டி ரப்பர் பேண்டு. எல்லாத்தையும் ஒரு பையில போட்டு முடிச்சுப் போட்டா வேலை முடிஞ்சுது. நாப்பது பேருக்கும் அதான். அவங்க ஒருத்தருக்கு மட்டும் மாத்தினா நல்லா இருக்காதுல்ல.

லூர்து நிக்கலம்மா. சிரிக்கிறா பாருங்க பின்னாடி. நான்தான் நிறுத்தினேன். கழுவ ஒண்ணும் இல்லாதப்போ கழுவுறவளை வெச்சுக்கிட்டு என்ன செய்யிறது? அதை நீங்க முன்னாடி எழுதினது இருக்கட்டும், அழிக்க வேணாம். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்.

அந்த மூணு மாசம் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லிடுறேன். அனுப்பினோமா, முடிஞ்சுது. திரும்பி வர்றதுக்கு ஒண்ணும் இல்ல. அடுக்க வேணாம், எண்ண வேணாம், யாரு வீட்டு வாசல்லயும் போய் நிக்க வேணாம். மத்தியானம் ரெண்டு மணிக்குப் படுத்துத் தூங்கினேன், கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து பகல்ல தூங்கினதில்ல. குப்பை வண்டி ஓட்டுற அம்மா மட்டும் கத்துவாங்க. தெருமுனையில கொட்டிக் கெடக்குறதெல்லாம் உன் டப்பாதான், மாடு சாம்பார் கவரை முழுங்குது, உனக்கே நல்லா இருக்காம்பாங்க. ஊரே கட்டித் தருது, நான் ஒருத்தி நிறுத்தினா மாடு பொழைச்சிடுமான்னு கேட்டேன். நீங்க எழுதிட்டு வர்றீங்களே, இதையெல்லாம் கூட எழுதிக்கோங்க. நான் அப்படிச் சொன்னது நெசம்தான்.

பாய் பையை நாத்தனார் வீட்டு இரும்புக் கேட்டுல மாட்டிட்டு, பெல்லை ஒரு தட்டு தட்டிட்டு வந்துடுவாரு. அவங்க வந்து எடுத்துப்பாங்க. வாங்கிட்டு வர ஒண்ணும் இல்லல்ல, நிக்க வேண்டிய வேலை இல்ல.

சித்திரை ஒண்ணாந்தேதி விசேஷச் சாப்பாடு. மாங்காப் பச்சடி, வேப்பம்பூ ரசம், வடை, பாயசம். எல்லார் வீட்டுலயும் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. மறுநாள் சோறு ஏத்த வர்ற வழியில அந்தக் கேட்டைப் பார்த்துட்டுப் பாய் வந்து நின்னாரு. வாயே தொறக்காத மனுஷன், தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னாரு.

"அக்கா, அங்க நேத்து மாட்டின பை அப்படியே தொங்குது."

நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். தலையை நிமித்தல.

"நாள் கிழமையில என் கைச் சோத்தைத் தொடக்கூடாதுன்னு விட்டிருப்பாங்க. இன்னிக்குப் பையையும் அது பக்கத்துலயே மாட்டிட்டு வந்துடுங்க பாய்."

இதான் நான் சொன்னது. ஒரு எழுத்துக் கூட்டல, ஒரு எழுத்துக் குறைக்கல. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. அப்புறம் சரிக்கான்னு போயிட்டாரு. பேச்சு வரக்கூடாதுன்னு நான்தானே சொல்லி வெச்சிருந்தேன்.

மூணாம் நாளு ரெண்டு பையும் தொங்கிச்சு. எறும்பு மொய்ச்சு நாத்தம் வந்துருச்சு. பாய் என்னைக் கேக்கல. கேட்டைத் தொறந்து உள்ள போய்க் கதவைத் தட்டிப் பார்த்துட்டு, பக்கத்து ஆளுங்களைக் கூப்பிட்டுக் கதவை நெம்பிட்டாரு. அப்புறம்தான் எனக்குப் போன் பண்ணினாரு.

அடுப்படியில விழுந்து கெடந்தாங்க. இடுப்பு எலும்பு உடைஞ்சிருந்துச்சு. டாக்டர் பார்த்துட்டு, விழுந்த உடனே உசிரு போகலம்மா, முந்தின நாள் மத்தியானம் வரைக்கும் இருந்திருப்பாங்கன்னாரு. முந்தின நாள் மத்தியானம். நான் வெங்காயம் உரிச்சேன்னு சொன்னேன்ல, அந்த மத்தியானம்.

தண்ணி இன்னும் வேணுமா? வேணாமா? சரி.

யாரும் என்னை ஒண்ணும் சொல்லல. நாலு வருஷம் சோறு போட்டாளே, கூடப் பொறந்தவ கூடச் செய்ய மாட்டாளேன்னு சாவு வீட்டுல என்னைத்தான் புகழ்ந்தாங்க. கொள்ளி வைக்க என் பொறந்த வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு எல்லாம் முறையாச் செஞ்சேன். எனக்கு அழுகை வரல. இப்ப வரைக்கும் வரல. யாழினி பெங்களூர்லேருந்து போன் பண்றப்பல்லாம், அம்மா நீ ஒரு தடவை அழுதுடும்மாங்குறா. வந்தா அழமாட்டேனா? காலையில எந்திரிக்கிறேன், அரிசி களையுறேன், காய் நறுக்குறேன். கை அது பாட்டுக்குச் செய்யுது. உள்ள ஒண்ணுமே இல்ல. ரசத்தை நாக்குல வெச்சுப் பார்க்கிறேன், ருசி தெரிய மாட்டேங்குது. லூர்துவைக் கூப்பிட்டுத்தான் சரியா இருக்கான்னு கேட்டுக்குறேன்.

காரியம் முடிஞ்சு வீட்டை ஒழிக்கப் போனேன். லூர்துவும் வந்தா. பதினோரு வருஷம் கழிச்சு அந்த வாசப்படி மிதிக்கிறேன். கொல்லைக் கதவைத் தொறந்தா, எலுமிச்சம்பழம் உதிர்ந்து அழுகிக் கெடக்குது, கால் வைக்க எடமில்ல. கறிவேப்பிலை ஆள் உசரத்துக்குக் காடா நிக்குது. கொல்லைக்கு மூணு படி எறங்கணும். பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க, முட்டி வீங்கி ஐப்பசியிலேருந்தே அவங்க படி எறங்கல, வாசல் கேட்டு வரைக்கும் செவத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றதே பெரும்பாடுன்னு. கடைக்கும் போக முடியாது, அரிசி பருப்பு கூட வாங்குறதில்ல, உங்க ஒரு வேளைச் சோறுதான் ரெண்டு வேளைக்கும்னாங்க.

அடுப்படி அலமாரியில ஒரு பழைய சேலையை இழுத்துப் போர்த்தியிருந்துச்சு. ஏதோ மாவு டின்னா இருக்கும்னு இழுத்தேன்.

என் டப்பா. கறுப்பு டப்பா, வெள்ளை மூடி. தேச்சுக் கழுவி, துடைச்சு, மூடி போட்டு, வரிசை வரிசையா அடுக்கி வெச்சிருந்தாங்க. சாம்பார் டப்பா தனியா, சோத்து டப்பா தனியா. ரப்பர் பேண்டெல்லாம் ஆணியில மாட்டியிருந்துச்சு. கவரைக் கூடக் கழுவிக் காயவெச்சு மடிச்சு வெச்சிருந்தாங்க. லூர்துதான் எண்ணினா. சோத்து டப்பா மட்டும் எழுபது.

ஒண்ணைத் தொறந்தேன். அடியில கொஞ்சம் சர்க்கரை, எறும்பு தின்னு மிச்சம். இன்னொண்ணைத் தொறந்தேன், ரெண்டு கிராம்பு. அதுக்கப்புறம் எதைத் தொறந்தாலும் கல் உப்பு. இதுலயும் உப்பு, அதுலயும் உப்பு. ஒரு கை கூட இல்ல, நாலே நாலு கல்லு. கடைசிப் பக்கம் வர வர ரெண்டு கல்லு, ஒரு கல்லு. வீட்டுல உப்பு ஜாடியைப் பார்த்தேன். சுரண்டி எடுத்திருந்துச்சு.

சிக்கந்தர் பாயைப் பிடிச்சு உலுக்கினேன், உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களான்னு. அப்பதான் சொன்னாரு. மாசி மாசத்துல ஒரு நாள் கேட்டுல நின்னு இவரைக் கூப்பிட்டிருக்காங்க. பழைய டப்பாவெல்லாம் எடுத்துட்டுப் போகலையான்னு கேட்டிருக்காங்க. அதெல்லாம் திருப்பித் தர வேண்டியதில்லம்மா, குப்பையில போட்டுடுங்கன்னு இவர் சொல்லியிருக்காரு.

"பாத்திரத்தைப் போய் எப்படிப் பாய் குப்பையில போடுறது? தவமணி ஒண்ணு குறைஞ்சாலும் தேடி வருவாளே. வந்தா எடுத்துக் குடுக்கணும்ல."

இப்படிச் சொன்னாங்களாம். தேடி வருவான்னு.

வந்திருப்பேன்மா. அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். கேரியரா இருந்திருந்தா, சித்திரை ஒண்ணாந்தேதி ரெண்டு மணிக்கே பாய் ஒரு கேரியர் குறைச்சலா வந்து நின்னிருப்பாரு. பதினேழு எங்கன்னு கேட்டிருப்பேன். கை வேலையை அப்படியே போட்டுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிருப்பேன். பாசத்துல போயிருப்பேன்னு பொய் சொல்ல மாட்டேன். என் பாத்திரத்தை வெச்சுக்கிட்டு என்ன திமிர்னு சண்டை போடவாவது போயிருப்பேன். கதவைத் தட்டியிருப்பேன். நாலு தெருதானே. மறுநாள் மத்தியானம் வரைக்கும் இருந்தாங்கன்னாரே டாக்டர்.

எழுபதுன்னு சொன்னேன்ல. இன்னொண்ணு பாத்திரம் கழுவுற தொட்டி ஓரத்துல கவுத்து வெச்சிருந்துச்சு. பங்குனி கடைசி நாள் சோறு போன டப்பா. கழுவிக் காய வெச்சிருக்காங்க, உள்ள போடுறதுக்குள்ள விழுந்துட்டாங்க போல. அது ஒண்ணுதான் வெறுமையா இருந்துச்சு. எழுபத்தொண்ணு.

அந்த உப்புல ஒரு கல்லை எடுத்து வாயில போட்டேன். லூர்து என்னக்கா பண்றீங்கன்னு கையைப் பிடிச்சா. அது மட்டும் கரிச்சுது எனக்கு. அன்னிக்கு சாம்பார்ல உப்பு பத்தலதான்மா. எனக்கு அப்பவே தெரியும். அவங்க ஒரு கை போட்டு கிண்டினதுக்கப்புறம்தான் அது வாயில வைக்கிற மாதிரி ஆச்சு. அறுபது பேரும் ரெண்டாந்தடவை கேட்டு வாங்கினாங்க.

மறுநாளே டப்பா மூட்டை மிச்சம் இருந்ததைக் கடையில திருப்பிக் குடுத்துட்டேன். கேரியரைப் பரண்லேருந்து எறக்கினேன், லூர்துவையும் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டேன். எட்டு பேரு கேரியரைத் திருப்பித் தர்றது தொல்லைன்னு நின்னுட்டாங்க. போகட்டும். இப்ப முப்பத்தொண்ணு. ரெண்டு மணிக்கு எல்லாத்தையும் அடுக்கிப் பார்த்துட்டுத்தான் நான் சாப்பிடுவேன். ஒண்ணு குறைஞ்சா முன்னாடி மாதிரி போன் போடுறதில்ல. நேராப் போயிடுறேன்.

உங்க நாலுல எதை அமுக்குவீங்க? சுற்றுச்சூழல் அக்கறையா? அதையே அமுக்கிக்கோங்க. இத்தனை பிளாஸ்டிக் குறைஞ்சுதுன்னு உங்க ஆபீஸ்ல சந்தோஷப்படுவாங்கல்ல. குறைஞ்சதும் நெசம்தானே.

என்னது, அந்த எழுபத்தொண்ணையா? வண்டி அனுப்பி எடுத்துக்குவீங்களா, உருக்கி வேற ஏதோ செய்வாங்களா? வேணாம்மா. கட்டிலுக்கு அடியில இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். உள்ள சாமான் இருக்குல்ல.

கெளம்பிட்டீங்களா? சாப்பிட்டாச்சா நீங்க? பொய் சொல்லாதீங்க, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. இந்த வெயில்ல வீடு வீடா ஏறி எறங்குறீங்க. இருங்க. முப்பத்திரண்டுன்னு முதல்ல வாய் தவறிச் சொன்னேன்ல, அது ஒண்ணும் பெரிய தப்பில்ல. வடிக்கிறது இன்னும் முப்பத்திரண்டுதான். கை பழகிப் போச்சு, பதினேழையும் சேர்த்துக் கட்டிடுது. கட்டினதுக்கப்புறம்தான் பார்க்கிறேன். தினம் மத்தியானம் அந்த மேடையில ஒண்ணு நிக்கும். சாயங்காலம் லூர்து எடுத்துட்டுப் போவா, இன்னிக்கு அவளுக்கு விரதம்.

இந்தாங்க. மூடி நசுங்கியிருக்கு, அழுத்தித் தொறக்கணும். சாம்பாரை மட்டும் ஆபீஸ்ல சூடு பண்ணிக்கோங்க. திங்கக்கிழமை மறுபடி இந்தப் பக்கம் வர்றேன்னீங்கல்ல, அப்ப கேரியரைக் கொண்டாந்து குடுத்துடுங்க. வரலன்னா நான் தேடி வந்துடுவேன், நீங்க குடுத்த நோட்டீஸ்ல ஆபீஸ் விலாசம் இருக்கு. கழுவலன்னாலும் பரவாயில்ல, லூர்து கழுவிப்பா. ஆனா வெறுமையாத் தராதீங்கம்மா. எதையாவது துளி போட்டுக் குடுங்க. வீட்டுல எதுவும் இல்லன்னா உப்பு போடுங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.